உறுப்பு மாற்று அறுவையில் ஆராய்ச்சி: புதிதாகச் சேர்ந்த அறுவை மருத்துவருக்கு ஒரு வழிகாட்டி

பொது அறுவையில் எம்.எஸ். முடித்துவிட்டு, குடல்–ஈரல் அறுவைப் பிரிவில் எம்.சிஎச். சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். தீசிஸுக்காகப் பெரும்பாலோர் ஏதோ ஓர் ஆய்வைச் செய்துவிடுகிறார்கள். அந்த ஒன்றோடு நின்றுவிடாமல், அறுவையும் ஆராய்ச்சியுமாகவே காலம் முழுதும் இருக்க நினைப்பவர் முதல் மூன்று ஆண்டில் எதைப் பழக வேண்டும், எந்த வரிசையில் பழக வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

பலருக்கும் எலி, ஆய்வுக்கூடம், மரபணு என்று தொடங்க ஆசை. வார்டிலும் ஓ.டி.யிலும் (அறுவை அரங்கிலும்) தொடங்குங்கள். அங்கே கண்முன் நடப்பதைப் பிசகாமல் எழுதி வைக்கத் தெரியாதவருக்கு ஆய்வுக்கூடம் கைகொடுக்காது. மனிதரில் முதல் ஈரல் மாற்று அறுவையை டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் 1963 மார்ச் 1 அன்று செய்தார். அந்தக் குழந்தை மேசையிலேயே இறந்தது. அடுத்து வந்த நோயாளிகளில் ஒருவர்கூட ஒரு மாதம் தாண்டவில்லை. அவர் நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் தேடி, நாய்களில் திரும்பவும் செய்து பார்த்து, 1967-ல்தான் மறுபடி மனிதரிடம் வந்தார். அந்த ஆண்டு செய்தவற்றில் ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. நிறுத்தவும் திரும்பத் தொடங்கவும் அவருக்கு ஆதாரமாக இருந்தவை ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதி வைத்த குறிப்புகள்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள், பிறகு எண்ணிப் பாருங்கள்

"ஈரல் மாற்றுக்குப் பிந்தைய சிக்கல்கள் – ஓர் ஆய்வு" என்பது கேள்வி இல்லை, தலைப்பு. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலைப் பொருத்தும் நேரம் 45 நிமிடத்தைத் தாண்டினால், முதல் வாரத்தில் ஈரல் மந்தமாக வேலை செய்வது கூடுகிறதா? யாரிடம், எதை, எதோடு ஒப்பிட்டு, எந்த நாளில், எந்த அளவுகோலால் பார்க்கிறோம் என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன.

கேள்வி கிடைத்ததும் அன்றே ஓ.டி. ரெஜிஸ்டரை எடுத்து எண்ணுங்கள். மேலே சொன்ன மந்தநிலை ஒரு குழுவில் 20 சதவீதம், மற்றதில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வித்தியாசத்தை 80 சதவீத வலுவோடு (உண்மையில் இருந்தால் தென்படும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை எல்லைக்குள் (இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) காட்ட, குழுவுக்கு 199 பேர் வேண்டும், மொத்தம் 398. உங்கள் பிரிவில் ஆண்டுக்கு 40 ஈரல் மாற்று நடந்தால் பத்து ஆண்டு ஆகும். தீசிஸுக்கு உள்ளது மூன்று ஆண்டு.

இந்த இடத்தில் பலர் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, கிடைத்த 60 பேரோடு ஆய்வை முடித்து, "வித்தியாசம் இல்லை" என்று எழுதுகிறார்கள். அந்த அறுபது பேரிடம் வித்தியாசம் இருந்தாலும் தென்பட்டிருக்காது. வழிகள் இரண்டு. ஒன்று, வேறு மையங்களோடு சேர்வது. மற்றது, ஆம்–இல்லை என்ற முடிவுக்குப் பதில் அளவாக வரும் முடிவை எடுத்துக்கொள்வது. முதல் வாரத்தில் ஏ.எஸ்.டி. (ஈரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) தொட்ட உச்சம் அப்படிப்பட்டது. ஈரலை உடல் வெப்பநிலையிலேயே இயந்திரத்தில் ரத்தம் ஓட்டிப் பாதுகாக்கும் முறையை ஐஸ் பெட்டியோடு ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு 220 ஈரல்களில்தான் நடந்தது. அதன் முதன்மை முடிவு இந்த ஏ.எஸ்.டி. உச்சமே. கிராஃப்ட் (பொருத்திய உறுப்பு) எத்தனை ஆண்டு நிற்கிறது என்று கேட்டிருந்தால் 220 போதாது.

இரண்டாம் படி: தரவு சேர்க்கும் முன் வரையறை

'பித்தக் கசிவு' என்று கேஸ் ஷீட்டில் ஒருவர் எழுதுவதும் இன்னொருவர் எழுதுவதும் ஒன்றல்ல. உலகம் ஒப்புக்கொண்ட வரையறைகள் இருக்கும்போது சொந்தமாக உருவாக்காதீர்கள். அடிக்கடி தேவைப்படுபவை இவை.

ஈரல் மாற்றுக்குப் பின் தொடக்க மந்தநிலைக்கு 2010-ல் வந்த வரையறை: ஏழாம் நாளில் பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அல்லது கூடுதல், ஏழாம் நாளில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) 1.6 அல்லது கூடுதல், முதல் ஏழு நாளுக்குள் ஏ.எல்.டி. (இன்னொரு ஈரல் நொதி) அல்லது ஏ.எஸ்.டி. 2000-ஐத் தாண்டுவது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஆக, ஏழாம் நாள் ரத்தம் எல்லாருக்கும் எடுக்கப்பட்டே ஆக வேண்டும். ஞாயிறு வந்தாலும் எடுக்க வேண்டும்.

ஈரல் வெட்டு அறுவைக்குப் பின் பித்தக் கசிவு: மூன்றாம் நாளிலோ பிறகோ, டிரெயின் (வயிற்றில் வைத்த வடிகுழாய்) திரவத்தின் பிலிருபின் அதே நேரத்து ரத்த அளவைப்போல் மூன்று மடங்காவது இருப்பது. கணையக் கசிவு: மூன்றாம் நாளிலோ பிறகோ, டிரெயின் திரவத்தின் அமைலேஸ் (கணைய நொதி) ரத்தத்தின் இயல்பு உச்சத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். 2016 திருத்தத்துக்குப் பிறகு இந்த எண் மட்டும் போதாது. சிகிச்சையின் போக்கை அது மாற்றியிருந்தால்தான் 'கசிவு' என்ற பெயர். மாற்றவில்லை என்றால் அது ரசாயனக் கசிவு மட்டுமே.

இங்கே ஒரு குழி இருக்கிறது. சந்தேகம் வந்தவருக்கு மட்டும் டிரெயின் திரவத்தை லேபுக்கு அனுப்பும் பிரிவில் கசிவு குறைவாகத் தெரியும். எல்லாருக்கும் அனுப்பும் பிரிவில் கூடுதலாகத் தெரியும். அறுவையின் தரம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கலாம்.

சிக்கலின் கடுமைக்கு 2004-ல் வந்த கிளாவியன்–டிண்டோ தரவரிசை. புதியவர்கள் அதிகம் தவறுவது இதில்தான். காயத்தைப் படுக்கையிலேயே திறந்து விட்டால் தரம் 1. ரத்தம் ஏற்றினாலோ சிரைவழி ஊட்டம் கொடுத்தாலோ 2. முழு மயக்கம் இல்லாமல் ரேடியாலஜியில் பிக்டெயில் (தோல் வழியே வைக்கும் வடிகுழாய்) வைத்தால் 3ஏ. முழு மயக்கத்தில் மீண்டும் திறந்தால் 3பி. ஓர் உறுப்பு செயலிழந்து ஐ.சி.யூ. போனால் 4ஏ, பல உறுப்பு என்றால் 4பி, இறப்பு 5. சிக்கலின் பெயரைப் பார்த்துத் தரம் போடாதீர்கள். அதற்கு என்ன சிகிச்சை கொடுத்தோம் என்பதைப் பார்த்துப் போடுங்கள். ஈரல் மாற்றில் இன்னொரு சிக்கல்: எல்லாருமே ஐ.சி.யூ.வுக்குப் போகிறார்கள், பெரும்பாலோர் ரத்தம் பெறுகிறார்கள். வழக்கமான முதல் சில நாள் ஐ.சி.யூ.வைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். பாதியில் முடிவு செய்தால், முதல் முப்பது பேருக்கு ஒரு விதியும் பிந்தையவர்களுக்கு வேறு விதியும் ஆகிவிடும்.

சிறுநீரகத்தில் 'தாமதமாக வேலை தொடங்குதல்' என்றால் முதல் வாரத்தில் டயாலிசிஸ் செய்ய நேர்வது. பொட்டாசியம் ஏறியதால் ஒரே ஒரு முறை செய்தாலும் அது கணக்கில் வரும். ஆகவே டயாலிசிஸ் செய்த காரணத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

மூன்றாம் படி: கடிகாரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்த இடமிருந்தால், இதை இருத்துங்கள். உறுப்பு மாற்று ஆராய்ச்சியில் மிக விலையுயர்ந்த தரவு நேரம். ஏ.எஸ்.டி.யை லேப் கம்ப்யூட்டரிலிருந்து ஐந்து ஆண்டு கழித்தும் எடுக்கலாம். கிளாம்ப் (ரத்தக் குழாயை அடைக்கும் இடுக்கி) போட்ட நிமிடத்தை அப்போது எழுதாவிட்டால் பிறகு யாராலும் மீட்க முடியாது.

ஒரு கொடையாளர் ஈரலுக்கு எழுத வேண்டிய நேரங்கள்: ஹெப்பாரின் கொடுத்தது (வழக்கமாகக் கிலோவுக்கு 300 யூனிட்), பெருந்தமனியில் கிளாம்ப் போட்டது, குளிர்ந்த கரைசல் ஓடத் தொடங்கியது, ஈரல் உடலைவிட்டு வெளியே வந்தது, பெட்டியில் மூடியது, பெறுபவரின் ஓ.டி.யில் பின்மேசைக்கு (உறுப்பைச் சீர்செய்யும் தனி மேசை) எடுத்தது, ஐஸிலிருந்து கடைசியாகத் தூக்கியது, போர்ட்டல் வெயின் (குடல் ரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுவரும் சிரை) திறந்தது, ஹெப்பாடிக் ஆர்ட்டரி (ஈரல் தமனி) திறந்தது. ஒன்பது நேரங்கள்.

'குளிர்நேரம்' எப்போது முடிகிறது? ஐஸிலிருந்து தூக்கியதும் முடிகிறது என்பார் சிலர். ரத்தம் திறந்ததும் முடிகிறது என்பார் வேறு சிலர். இடையில் இருப்பது ஈரலைத் தைக்கும் நேரம், 40 நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அந்த வேளையில் ஈரல் ஐஸிலும் இல்லை, ரத்தமும் இல்லை, மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கிறது. ஒன்பது நேரங்களையும் தனித்தனியாக எழுதி வைத்தால் எந்த வரையறைக்கும் கணக்கிட்டுக்கொள்ளலாம். 'குளிர்நேரம் 7 மணி' என்று ஒற்றை எண்ணாக எழுதி வைத்தவருக்கு அந்த வசதி இல்லை.

தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவுக் கொடைத் திட்டம் அரசின் ஒழுங்கில் நடக்கிறது. இப்போது டிரான்ஸ்டான் என்ற மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் கீழ் இருக்கிறது. மதுரையில் எடுத்த உறுப்பு சென்னையில் பொருத்தப்படலாம். அப்போது பெருந்தமனிக் கிளாம்ப் நேரம் ஒரு சுவர்க் கடிகாரத்தில், போர்ட்டல் திறந்த நேரம் வேறொரு சுவர்க் கடிகாரத்தில். இரண்டும் பத்து நிமிடம் வேறுபட்டால் அந்தப் பத்து நிமிடம் நேராக உங்கள் தரவுக்குள் வந்துவிடும். எடுக்கப் போகும் குழுவும் பொருத்தும் குழுவும் கைபேசி நேரத்தையே எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். எழுதுபவர் கையுறை போடாத ஒருவராக இருக்கட்டும்; மயக்கவியல் உதவியாளரோ ஒருங்கிணைப்பாளரோ ஒருவர். 24 மணிக் கணக்கில், தேதியோடு. நள்ளிரவைத் தாண்டாத ஈரல் மாற்று அரிது. தேதி இல்லாத 01:20 பிறகு எதிர்மறை எண்ணாகக் கணக்கில் விழும்.

எந்தக் கரைசல், எத்தனை லிட்டர் என்பதும் அதே தாளில். விஸ்கான்சின் கரைசலில் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 125 மில்லிமோல், எச்.டி.கே. கரைசலில் பத்துக்குள். முதலாவதை அலசி வெளியேற்றாமல் ரத்தம் திறந்தால் இதயம் நிற்கலாம். ஆகவே எதால் அலசினோம், எவ்வளவு என்பதும் தரவுதான்.

நான்காம் படி: தாள்

எக்செல் போதும். ஒரு வரி ஓர் அறுவை. ஒரு கட்டத்தில் ஒரே செய்தி. "பிலிருபின் 3.2, பிறகு குறைந்தது" என்று ஒரு கட்டத்தில் எழுதினால் அதை எந்த மென்பொருளும் படிக்காது.

பிலிருபினின் அலகைத் தலைப்பிலேயே எழுதுங்கள். வெளிநாட்டு லேப் ரிப்போர்ட் மைக்ரோமோலில் வந்தால் 17.1-ஆல் வகுக்க வேண்டும். பரிசோதனை செய்யாததற்கு 0 போடாதீர்கள், 99-ம் போடாதீர்கள். வெற்றாக விட்டு, ஏன் வெற்று என்பதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் வையுங்கள். மெல்ட் ஸ்கோரைக் (ஈரல் நோயின் கடுமையைக் காட்டும் எண்) கையால் போடாமல், மூல எண்களான கிரியாட்டினின், பிலிருபின், ஐ.என்.ஆர். மூன்றையும் வைத்துக்கொண்டு கணக்கை மென்பொருளிடம் விடுங்கள். ஒன்றுக்குக் கீழ் உள்ள எந்த எண்ணையும் 1 என்று எடுக்க வேண்டும், வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ் ஆனவருக்குக் கிரியாட்டினினை 4 என்று வைக்க வேண்டும் என்பவை கைக்கணக்கில் மறந்துபோகும்.

பெயர், போன் எண், ஐ.பி. (உள்நோயாளி) எண் ஆகியவை தனிக் கோப்பில், பூட்டோடு. ஆய்வுத் தாளில் வரிசை எண் மட்டும்.

பிந்தைய கண்காணிப்புக்கு ஈரல், கணைய அறுவைகளில் 30 நாள் போதாது. 90 நாள் வையுங்கள். டிஸ்சார்ஜ் ஆன நோயாளி ஊருக்குப் போய், காயத்தில் சீழ் வந்தால் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் டிரெஸ்ஸிங் செய்துகொள்வார். உங்கள் தாளில் அவருக்குச் சிக்கலே இல்லை என்று இருக்கும். 30-ஆம் நாளும் 90-ஆம் நாளும் போன் செய்து, எழுதி வைத்த நான்கு கேள்விகளை எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்: காயத்தில் ஏதாவது வடிந்ததா, வேறு மருத்துவமனையில் சேர்ந்தீர்களா, காய்ச்சலுக்கு மருந்து வாங்கினீர்களா, மஞ்சள் காமாலை திரும்பியதா.

ஐந்தாம் படி: அனுமதி

பழைய கேஸ் ஷீட்டுகளை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கும் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலின்படி நோயாளி ஒப்புதலிலிருந்து விலக்கு கேட்கலாம்; விலக்கு தருவது குழுவின் உரிமை, உங்கள் ஊகம் அல்ல. சிகிச்சைப் பரிசோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய சிகிச்சைப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். பிறகு பதிந்தால் நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பும், அது நியாயமும்கூட.

கொடையாளர் தொடர்பான ஆய்வில் கூடுதல் கவனம். 1994 சட்டப்படி மூளைச்சாவை நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை பரிசோதித்து உறுதி செய்கிறது. மாற்று அறுவைக் குழுவினர் அதில் இருக்க முடியாது. அந்த உறுதிக்கு முன் ஆய்வுக்கென்று யாரும் குடும்பத்தை அணுகக் கூடாது. உறுப்பைத் தர ஒப்புக்கொண்ட குடும்பம், ஆய்வுக்குத் திசு எடுக்கவும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. தனியாகக் கேளுங்கள்; வேண்டாம் என்றால் கொடையில் எந்த மாற்றமும் வராது என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஆறாம் படி: கணக்கில் விழும் இடங்கள்

புள்ளியியலாளரைத் தரவு சேர்ந்த பிறகு தேடாதீர்கள்; தாளை வடிவமைக்கும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் இருந்தாலும் அறுவை மருத்துவரே கண்டுகொள்ள வேண்டிய பிழைகள் சில உண்டு.

ஈரல் பெற்றவர்கள், பட்டியலில் காத்திருந்தவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று நேரடியாக ஒப்பிடுவது பிழை. ஈரல் கிடைக்கும் நாள்வரை உயிரோடு இருந்தவர்தான் அந்தக் குழுவுக்குள் வரவே முடியும். காத்திருந்த நாட்களைக் காத்திருந்த கணக்கிலேயே வைக்க வேண்டும். பட்டியலில் இறக்கும் வாய்ப்பைக் கணக்கிடும்போது, மாற்று அறுவை நடந்தவரைச் சாதாரணமாக விலகியவர் போல் வெட்டிவிட்டாலும் தவறு. இறப்பு எண் ஊதிப்போகும். மாற்று அறுவை அங்கே போட்டி நிகழ்வு (அது நடந்துவிட்டால் பட்டியலில் இறப்பது நடக்க முடியாது), அதற்கென்று தனிக் கணக்கு முறை இருக்கிறது.

மொத்தம் 20 கிராஃப்ட் இழப்புகள் மட்டுமே உள்ள தரவில் பதினைந்து காரணிகளை ஒரே சமன்பாட்டில் போடாதீர்கள். ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வாவது என்ற பழைய கட்டைவிரல் கணக்குப்படி உங்களுக்கு இரண்டே காரணி. எந்த இரண்டு என்பதைத் தரவைப் பார்க்கும் முன்னே எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: நுண்தையல், பிறகு எலி

ஆய்வுக்கூடத்துக்குப் போவதென்றால் மூன்று மாதம் மைக்ராஸ்கோப்புக்கு ஒதுக்குங்கள். முதலில் சிலிக்கான் குழாய், பிறகு கறிக்கடையில் வாங்கிய கோழித்தொடையின் ரத்தக் குழாய். ஒரு மில்லிமீட்டர் தமனிக்கு 10-0 நைலானில் சுமார் எட்டுத் தையல். தைத்து முடித்ததும் குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து உள்ளே பாருங்கள். பின்சுவர் சேர்ந்து தைபட்டிருந்தால் அது அப்போதுதான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் அழகாகவே இருக்கும்.

விலங்கு ஆய்வுக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் பி படிவம். எத்தனை எலி, ஏன் அத்தனை என்ற கணக்கைக் கேட்பார்கள்.

எலியில் ஈரல் மாற்றுக்கு நேராகப் போகாதீர்கள். முதலில், ரத்தம் தடுத்துத் திறக்கும் மாதிரி: 250–300 கிராம் எலி, இடது, நடு மடல்களுக்குப் போகும் ரத்தத்தை நுண்கிளாம்ப் போட்டு 60 நிமிடம் தடுப்பது. ஈரலில் ஏறக்குறைய 70 சதவீதம் இதில் அடங்கும். மற்ற மடல்கள் வழியே குடல் ரத்தம் ஓடுவதால் எலி தாங்கும். சில நொடியில் அந்த மடல்கள் வெளிற வேண்டும். பாதி சிவப்பாக நின்றால் கிளாம்ப் சரியாக விழவில்லை. திறந்து ஆறு மணி நேரம் கழித்து ரத்தமும் திசுவும்.

இந்த மாதிரியைக் கெடுப்பதில் முதலிடம் வெப்பநிலைக்கு. வயிறு திறந்த எலி வேகமாகக் குளிரும். குளிர்ந்த ஈரலில் சேதம் குறையும். உங்கள் மருந்து வேலை செய்ததாகத் தோன்றும், வேலை செய்தது ஏர் கண்டிஷனராக இருக்கும். மலக்குடலில் வெப்பமானி வைத்து, சூட்டு மெத்தையோடு 37 டிகிரியில் நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். மருந்துக் குழுவைக் காலையிலும் ஒப்பீட்டுக் குழுவைப் பிற்பகலிலும் செய்யாதீர்கள். குலுக்கிப் போட்டுக் கலந்து செய்யுங்கள். திசுவைப் பார்ப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

இது கைவந்த பிறகு முழு ஈரல் மாற்று. 1979-ல் கமாடாவும் ராய் கால்னும் தொடங்கிவைத்த வளைய முறையின் இன்றைய வடிவில் ஈரலுக்கு மேல் உள்ள பெருஞ்சிரையை மட்டும் தைப்போம். போர்ட்டல் வெயினுக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் பாலிஎத்திலீன் வளையம், பித்தநாளத்துக்குச் சிறு குழாய். போர்ட்டலுக்குக் கிளாம்ப் போட்டதிலிருந்து திறப்பதுவரை 20 நிமிடத்துக்குள் வர வேண்டும். தாண்டத் தாண்டக் குடலில் ரத்தம் தேங்கி எலி இறக்கும். வேறு சாவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: போர்ட்டல் வெயின் முறுக்கிக்கொள்வது, மேல் சிரையில் காற்று மாட்டியது, பித்தக் குழாய் நழுவியது. ஒவ்வொரு எலியையும் திறந்து பார்த்து மூன்றில் எது என்று எழுதுங்கள். கொடுப்பதும் பெறுவதும் ஒரே லூயிஸ் இனமாக இருந்தால் நிராகரிப்பு இராது. கலப்பு விஸ்டார் எலிகளுக்குள் செய்துவிட்டு, ஏழாம் நாள் ஈரல் கெட்டது ஐஸ் சேதத்தால் என்று எழுதினால் அதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

எழுதுவதும் ஒப்படைப்பதும்

கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே பேசி, ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்திடுங்கள். மூத்தவரிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். முடிந்தபின் கேட்பதைவிட இது எளிது. சிகிச்சையை மாற்றாமல் கவனித்துப் பதியும் ஆய்வுகளுக்கு ஸ்ட்ரோப், சிகிச்சைப் பரிசோதனைக்குக் கான்சார்ட், விலங்கு ஆய்வுக்கு அரைவ் என்ற சரிபார்ப்புப் பட்டியல்களை எழுதி முடித்தபின் நிரப்பாமல், முதல் நாளே அச்செடுத்து மேசையில் ஒட்டி வையுங்கள். வாரத்தில் ஒரு அரைநாள் ஆராய்ச்சிக்கென்று டியூட்டி ரோஸ்டரிலேயே எழுதி வாங்குங்கள். ரோஸ்டரில் இல்லாத நேரத்தை எமர்ஜென்சி எடுத்துக்கொள்ளும்.

மூன்று ஆண்டு முடிந்து போகும்போது தாளை உங்கள் லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள், எந்த அலகு, எந்த நாளிலிருந்து எந்த விதி மாறியது என்று இரண்டு பக்கம் எழுதி, அடுத்து வரும் பி.ஜி.யோடு ஒரு முழு ஈரல் மாற்று முடியும்வரை நின்று, ஒன்பது நேரங்களையும் அவர் கையால் நிரப்ப வைத்துவிட்டுப் போங்கள்.